மொதல்ல கையில இருக்கற காயத்த பாருங்க, அப்புறம் அரத்த எடுங்க: என் பிஸ்டலோட கூர் விளிம்புகள ராவின அனுபவம்

ரெண்டு நாள் பயிற்சி, மொத்தம் 300 ரவுண்டு (தோட்டா) கிட்ட சுட்டிருப்பேன். ரெண்டாவது நாள் மத்தியானம் பிஸ்டல மேசைல வச்சுட்டு கைய திருப்பி பாத்தா கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வளைஞ்சு இருக்கும்ல அந்த எடத்துல தோல் பிஞ்சு ரத்தம் வந்து காஞ்சு போயிருக்கு, இடது உள்ளங்கைல நேர்கோடா ஒரு கீறல், வலது கட்டைவிரல் ஓரத்துல தோல் உரிஞ்சு தொங்குது, நடுவிரல் கணு கன்னிப்போய் செவந்து கெடக்கு. சுடும்போது இதுல பாதி வலி தெரியவே இல்ல. கை கழுவ சோப்பு போட்டப்ப தான் உயிரே போச்சு.

என்னோடது 1911 டைப் பிஸ்டல், 45 ஏசிபி ரவுண்டு போடறது, ஸ்லைடு (சுடும்போது முன்னும் பின்னும் ஓடற மேல் பாகம்) ஸ்டீல், ஃபிரேம் (கைப்பிடியோட சேர்ந்த அடி உடம்பு) அலுமினியம். எந்த கம்பெனினு சொல்ல விரும்பல, ஏன்னா இது ஒரு கம்பெனியோட பிரச்சனை மட்டும் இல்ல. ஃபேக்டரில மெஷின்ல வெட்டி எடுக்கறப்ப விளிம்பு எல்லாம் கூராத்தான் வரும், அத ஒவ்வொன்னா கையால மழுங்கடிக்க ஆள் நேரம் ஆகும், அதனால நெறைய பிஸ்டல்ல அத பாதியோட விட்டுடுவாங்க. பாக்கறதுக்கும் கோடு கோடா பளிச்சுனு அழகா இருக்கும். அந்த அழகு தான் கைய அறுக்குது.

மொதல்ல நான் செஞ்சது கையுறை வாங்கினது. டிரிகர் எங்க இருக்குன்னே விரலுக்கு தெரியல, கழட்டிட்டேன். அப்புறம் டேப் சுத்தினேன், 50 ரவுண்டுல வேர்வைல நழுவி கழண்டுச்சு. இதுக்கு நடுவுல இன்னொன்னு நடந்துச்சு, அத நான் ரொம்ப நாள் கவனிக்கவே இல்ல. என் ரவுண்டு எல்லாம் எறங்கி இடது பக்கமா கீழ போய் விழ ஆரம்பிச்சுது. நான் வலது கைக்காரன். வலிக்க போகுதுன்னு கைக்கு முன்னாடியே தெரிஞ்சு, டிரிகர் அழுத்தற அதே நொடில மொத்த கையும் இறுக்கி பிடிக்குது, பிஸ்டலோட மூக்கு கீழ சாயுது. குறி பாக்கற சைட்ட மாத்தி பாத்தேன், வேற ரவுண்டு போட்டு பாத்தேன், ஒன்னும் சரியாகல. காயம் ஆறி ரெண்டு வாரம் கழிச்சு போனா மொதல் 40 ரவுண்டு நடுவுல போய் குந்துது, அப்புறம் மறுபடி கீழ. அப்ப தான் புரிஞ்சுது, கை பயந்து போயிருக்கு.

அரம் வாங்கிட்டு வந்து ராவிடலாம்னு முடிவு பண்ணி ரேஞ்சுல ஒரு சீனியர்கிட்ட கேட்டேன், அண்ணே எங்க எங்க ராவணும்னு. அவர் பிஸ்டல தொடவே இல்ல. "மொதல்ல கைய காட்டு தம்பி"ன்னார். கைய ரெண்டு பக்கமும் திருப்பி திருப்பி பாத்துட்டு அவர் சொன்னது தான் இந்த விஷயத்துல எனக்கு கெடச்ச பெரிய பாடம், காயம் எந்த வடிவத்துல இருக்குன்னு பாத்தாலே காரணம் தெரிஞ்சுடும்.

விரலிடுக்குக்கு மேல ரயில் தண்டவாளம் மாதிரி ரெண்டு இணை கோடு இருந்தா அது ஸ்லைடு கடிச்சது. ஸ்லைடோட அடி விளிம்பு ரெண்டும் பின்னாடி வரும்போது மேல ஏறியிருக்கற தசைய உழுதுட்டு போகுது. கை ரொம்ப உயரமா பிடிக்கறதாலயோ, இல்ல பிஸ்டலோட பின்பக்க வால் கைக்கு பத்தாததாலயோ வர்றது. கிள்ளி எடுத்த மாதிரி உருண்டையா ரத்தக்கட்டு இருந்தா அது ஹேமர் (ரவுண்ட வெடிக்க வைக்க அடிக்கற சின்ன சுத்தி) கடிச்சது. கத்தியால கிழிச்ச மாதிரி மெல்லிசா நேர் கோடு இருந்தா அது தான் கூர் விளிம்பு. கொப்புளமோ காய்ப்போ இருந்தா அது அழுத்தம், அந்த எடத்துல உலோகம் கூரா இல்லாம வழுவழுன்னு இருந்தாக்கூட வரும். இந்த நாலுல மூணாவதுக்கு மட்டும் தான் அரம் மருந்து. மத்த மூணுக்கும் ராவினா பிஸ்டல் கெடும், கை ஆறாது.

என் விரலிடுக்குல இருந்தது கிள்ளின ரத்தக்கட்டு, அதாவது ஹேமர். சுட்டதும் ஸ்லைடு பின்னாடி வந்து ஹேமர கீழ தள்ளுது, ஹேமரோட கொம்புக்கும் கிரிப் சேஃப்டியோட (கைப்பிடிய அழுத்தி பிடிச்சா தான் சுட விடற பூட்டு) வாலுக்கும் நடுவுல என் தசை மாட்டிக்குது. இது புதுசா வந்த கோளாறு இல்ல. 1911ல அமெரிக்க ராணுவம் எடுத்துக்கிட்ட அந்த டிசைன்லயே இது இருந்துச்சு, முதல் உலகப்போர் முடிஞ்சதுக்கு அப்புறம் 1920கள்ல அத திருத்தறப்ப கிரிப் சேஃப்டியோட வால நீட்டி, ஹேமர் கொம்ப குட்டையாக்கி, டிரிகருக்கு பின்னாடி ஃபிரேமையும் ரெண்டு பக்கம் கொஞ்சம் குடைஞ்சு எடுத்து எம்1911ஏ1னு பேர் வச்சாங்க. பிரவுனிங் ஹை பவர், அது 1935ல வந்தது, அதோட பழைய மாடல்கள்லயும் ஹேமர் கடிக்கறது பேர் போன விஷயம். வால்தர் பிபிகே மாதிரி குட்டி பிஸ்டல்ல பெரிய கை வச்சா ஸ்லைடு கடிக்கும். அப்ப இது வடிவத்தோட பிரச்சனை, விளிம்போட பிரச்சனை இல்ல. நான் பாட்டுக்கு கிரிப் சேஃப்டி ஓரத்த ராவிக்கிட்டே இருந்திருந்தா வால் இன்னும் குட்டையாகி இன்னும் நல்லா கடிச்சிருக்கும்.

அத நான் செய்யல. துப்பாக்கி ரிப்பேர் பண்ற ஆர்மரர்கிட்ட குடுத்து பீவர்டெயில்னு சொல்ற நீளமான வால் வச்ச கிரிப் சேஃப்டியும் வட்ட ஹேமரும் மாட்டிக்கிட்டேன். பாக்க சின்ன வேலை மாதிரி இருக்கும், ஆனா நெறைய பிஸ்டல்ல அந்த வால் உக்காரணும்னா ஃபிரேமோட பின்னாடி காது மாதிரி இருக்கற பகுதிய வளைவா வெட்டணும், கிரிப் சேஃப்டி டிரிகர தடுக்கற எடத்த சரியா பொருத்தணும், ஹேமர மாத்தினா அத பிடிச்சு நிறுத்தற சியரோட சேர்ற எடமும் புதுசாகுது. அது தப்பா போனா சேஃப்டி பேருக்கு மட்டும் இருக்கும். தயவு செஞ்சு இத வீட்டு மேசைல வச்சு கத்துக்காதீங்க.

நடுவிரல் கணுல இருந்தது அழுத்தம். டிரிகர சுத்தி இருக்கற வளையம் (டிரிகர் கார்டு) கிரிப்போட சேர்ற மூலை அங்க இடிக்குது. அத சும்மா விட்டுட்டேன். கொஞ்ச நாள்ல காய்ப்பு ஏறி வலி போச்சு.

மிச்சம் இருந்தது உள்ளங்கை கீறலும் கட்டைவிரல் ஓரமும். இது ரெண்டும் நேரா விளிம்பு செஞ்ச வேலை, இது என் வேலை.

தொடங்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியத எத்தனை தடவ சொன்னாலும் தப்பில்ல. ரவுண்டு அடுக்கற மேகசின கழட்டணும், ஸ்லைட பின்னாடி இழுத்து லாக் பண்ணி ரவுண்டு உக்கார்ற சேம்பர கண்ணால பாக்கணும், சுண்டு விரல விட்டு தடவியும் பாக்கணும், நிஜ ரவுண்டு ஒன்னு கூட அந்த ரூம்லயே இருக்கக்கூடாது. காப்பி குடிச்சுட்டு திரும்பி வந்தாலும் மறுபடி பாக்கணும். நான் அப்படித்தான் பண்றேன், ஒவ்வொரு தடவையும்.

எந்த விளிம்பு கூர்னு கண்ணால பாத்து சொல்லவே முடியாதுங்க. விரலால தடவி பாத்தாலும் ஏமாந்துடுவோம், ஏன்னா மெதுவா தடவறப்ப எல்லாமே நல்லாத்தான் இருக்கும். ரெண்டு வழி இருக்கு. ஒன்னு பஞ்சு, இல்லன்னா பழைய நைலான் ஸ்டாக்கிங். பிஸ்டல் மேல எல்லா பக்கமும் லேசா இழுத்துட்டு போங்க, எங்க பஞ்சு இழை மாட்டி நிக்குதோ, எங்க நைலான் நூல் பிடிச்சு இழுக்குதோ அங்க ஒரு மார்க்கர் புள்ளி வைங்க. ரெண்டாவது வழி, வெடிக்காத டம்மி ரவுண்டு போட்டு, சுடறப்ப என்னென்ன செய்வோமோ அத எல்லாம் வேகமா செஞ்சு பாக்கறது. ஸ்லைட மேல இருந்து கையால மூடி பிடிச்சு இழுக்கறது, மேகசின அடிச்சு ஏத்தறது, மாட்டிக்கிட்ட ரவுண்ட தட்டி வெளிய எடுக்கறது, இத ஒவ்வொன்னும் 30 தடவ. மெதுவா இல்ல, மேட்ச்ல செய்யற வேகத்துல. அப்ப தான் பிஸ்டல் உண்மைய சொல்லும்.

எனக்கு கெடச்ச பட்டியல பாத்து எனக்கே ஆச்சரியம். பின் சைட்டோட ரெண்டு மேல் மூலையும் தான் உள்ளங்கைய கிழிச்சது, அது எதிர்பாத்தது. கட்டைவிரலால தள்ளற சேஃப்டி லீவரோட கீழ் மூலை, அதுவும் எதிர்பாத்தது. ஆனா சுட்ட ரவுண்டோட காலி கேஸ் (கூடு) வெளிய போற ஓட்டையோட மேல் விளிம்பு, ஸ்லைடோட பின் முனைல ரெண்டு பக்கமும் கீழ் மூலை, மேகசின் போற வாயோட பின் விளிம்பு இது எல்லாம் நான் நெனச்சே பாக்கல. கடைசி விளிம்பு மேகசின அடிச்சு ஏத்தறப்ப உள்ளங்கையோட அடிப்பக்க சதைய கிள்ளுது. ஒரு தடவ கிள்ளினதுக்கப்புறம் அடுத்த தடவ கை தயங்கும், மேகசின் பாதி ஏறி நிக்கும், அது மேட்ச்ல தெரியும்.

சாமான் பெருசா ஒன்னும் வேணாம். நைஸான பல்லு இருக்கற சின்ன ஊசி அரம் ரெண்டு, ஒன்னு தட்டை, ஒன்னு அரைவட்டம். எமரி பேப்பர் 320, 400, 600. நல்ல மாஸ்கிங் டேப், கொஞ்சம் சாக்பீஸ், எண்ணெய். அரத்துல சாக்பீஸ தேச்சுட்டு ராவினா உலோகத்தூள் பல்லுல அடைக்காது, அடைச்ச தூள் தான் பளபளப்பான எடத்துல ஆழமா கோடு போட்டு வச்சிடும். சுத்தற மோட்டார் டூல் பக்கம் போகவே போகாதீங்க, ரேஞ்சுல கூட சுடற ஒருத்தர் பாலிமர் ஃபிரேமோட ஓரத்த அதுல தொட்டாரு, சூட்டுல பிளாஸ்டிக் உருகி குழி விழுந்துடுச்சு, ஒரு நொடி வேலை அது.

ராவ வேண்டிய விளிம்புக்கு ரெண்டு பக்கமும் டேப் ஒட்டிடுங்க, நடுவுல ஒரு மெல்லிய கோடு மட்டும் வெளிய தெரியணும். அந்த கோட்ட மார்க்கரால கருப்பாக்குங்க. அரத்த 45 டிகிரி சாய்ச்சு முன்னாடி தள்ளறப்ப மட்டும் அழுத்தம், இழுக்கறப்ப தூக்கிடணும். மூணு தள்ளு, நிறுத்து, தடவி பாரு. மறுபடி மூணு. மார்க்கர் சமமா போயிருந்தா அரம் சமமா ஓடுதுன்னு அர்த்தம். எடுக்க வேண்டியது 0.2 மில்லிமீட்டர் கூட இருக்காது, நெறைய எடத்துல அதுல பாதியே போதும். அரம் போட்ட எடத்துல ஒரு விளிம்பு போய் மழுங்கலா ரெண்டு விளிம்பு வந்திருக்கும், அத 320 பேப்பர நீள துண்டா வெட்டி, ஷூவுக்கு பாலிஷ் போடற மாதிரி ரெண்டு கையால பிடிச்சு மாத்தி மாத்தி இழுத்தா உருண்டுடும். அப்புறம் 400, 600. சைட் மூலைக்கும் சேஃப்டிக்குமா எனக்கு ஒரு சாயங்காலம் முழுசா போச்சு, ஓட்டை விளிம்புக்கும் ஸ்லைடு மூலைக்கும் இன்னொன்னு.

சேஃப்டிய தனியா கழட்டி தான் ராவினேன், அதுவும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற லீவரோட மூலைய மட்டும். உள்ள சியரோட சேர்ற பகுதிய டேப் சுத்தி மூடிட்டேன், அங்க ஒரு கீறல் கூட விழக்கூடாது.

இப்ப நான் பண்ணின தப்பு ரெண்டு. பின் சைட்டோட மூலைய உருட்டினது நல்லா வந்துச்சுன்னு ஒரு உற்சாகத்துல அதோட முன்பக்க விளிம்பையும் சேத்து உருட்டிட்டேன். ஒரு கைல அடிபட்டா இன்னொரு கையால மட்டும் ஸ்லைட இழுக்க, பின் சைட்டோட முன் முகத்த பெல்ட்லயோ மேசை ஓரத்துலயோ மாட்டி தள்ளுவாங்க. அந்த பயிற்சில இப்ப என் சைட் வழுக்குது. அந்த விளிம்பு கூரா இருந்ததுக்கு ஒரு வேலை இருந்துச்சு, நான் கேக்காம எடுத்துட்டேன். புது சைட் வாங்கி மாட்டினேன், அதுல மேல் மூலை ரெண்ட மட்டும் தொட்டேன்.

ரெண்டாவது, மேகசின் வாயோட பின் விளிம்பு. அது அலுமினியம். அலுமினியத்துக்கு மேல இருக்கற கருப்பு அனோடைஸ் பூச்சு தலைமுடி தடிமன் கூட இருக்காது, ஆனா நல்ல கெட்டி. அரம் மொதல்ல வழுக்குச்சு, நான் அழுத்தினேன், பூச்சு ஒடஞ்சதும் உள்ள இருக்கற மெத்து அலுமினியம் வெண்ணெய் மாதிரி போச்சு. ஒரு பக்கம் மறு பக்கத்த விட நல்லாவே எறங்கி போயிடுச்சு, வெள்ளியா பளிச்சுனு தெரியுது. கைக்கு ஒன்னும் இல்ல, வேலையும் செய்யுது, ஆனா ஒவ்வொரு தடவையும் கண்ணுல படுது. அலுமினியத்துக்கு அரமே வேணாம், 400 பேப்பர்ல ஆரம்பிங்க. நைட்ரைட் பண்ணின ஸ்லைடும் இப்படித்தான், மேல் தோல் அரத்த விட கெட்டியா இருக்கும், அரம் பல்லு தான் தேயும், அதுக்கு நைஸ் சாணைக்கல் வேணும், பொறுமை அத விட வேணும். பாலிமர்ல அச்சு சேர்ற எடத்துல வர்ற கோடு மட்டும் தான் வழக்கமா அறுக்கும், அது 600 பேப்பர்லயே போயிடும்.

தொடவே கூடாத எடம் சிலது இருக்கு, அத சொல்லாம விட்டா இத எழுதறதே தப்பு. ஸ்லைடும் ஃபிரேமும் ஓடற தடம், பேரலோட லாக் ஆகற பகுதி, பேரல் வாய், எக்ஸ்ட்ராக்டர் கொக்கி, ஹேமர் சியர் சேர்ற பல்லு, ஃபயரிங் பின் சம்பந்தப்பட்ட எதுவும், ஸ்லைட பின்னாடி நிறுத்தி வைக்கற லீவர், அதாவது ஸ்லைடு ஸ்டாப், மாட்டற பள்ளம். அந்த பள்ளத்தோட மூலை கூரா தான் இருக்கணும், அது உருண்டா ஸ்லைடு லாக் ஆகி நிக்காம வழுக்கி முன்னாடி ஓடும், அப்ப விரல் உள்ள இருந்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. மேகசினோட மேல் உதடு ரெண்டும் கூட அப்படித்தான். ரவுண்டு ஏத்தறப்ப கட்டைவிரல அறுக்கும், உண்மை, எனக்கும் அறுத்திருக்கு. ஆனா ரவுண்ட சரியான கோணத்துல பிடிச்சு அனுப்பறது அந்த உதடு தான். அத ராவாதீங்க, ரவுண்ட ஏத்தி விடற லோடர் வாங்கிக்கோங்க. அப்புறம் சீரியல் நம்பர் இருக்கற பக்கம் அரமே போகக்கூடாது, அது அழிஞ்சா குற்றம். நம்ம நாட்டு சட்டத்துல உரிமையாளரே இந்த மாதிரி வேலை செய்யலாமா இல்ல லைசென்ஸ் உள்ள ஆர்மரர் தான் செய்யணுமான்னு கேட்டுக்கோங்க. வாரன்டி போகலாம். மேட்ச் சுடறவங்க உங்க டிவிஷன் (போட்டி பிரிவு) ரூல் புக்க ஒரு தடவ பாத்துடுங்க, சில டிவிஷன்ல வெளி வடிவத்துல கை வைக்க விடமாட்டாங்க.

ராவி முடிச்சா வேலை முடியல. நான் டேப் ஒட்டியும் கூட உலோகத்தூள் சேஃப்டிய பிடிச்சு வைக்கற பிளஞ்சர் (ஸ்பிரிங் ஊசி) குழாய்க்குள்ள போயிடுச்சு, சேஃப்டிய தூக்கறப்ப மணல் அரைக்கற மாதிரி நெறநெறன்னு. மறுபடி எல்லாத்தையும் கழட்டி சால்வென்ட்ல கழுவி, துடைச்சு, புதுசா எண்ணெய் போட்டப்ப தான் சரியாச்சு. ஸ்டீல்ல வெறும் உலோகம் வெளிய வந்த எடத்துல கோல்ட் ப்ளூ (ஸ்டீல கருப்பாக்கற திரவம்) போட்டேன். மொதல்ல எண்ணெய் பசை சுத்தமா போக துடைக்கணும், இல்லன்னா திட்டு திட்டா பிடிக்கும். அதுவும் ஃபேக்டரி பூச்சு மாதிரி துருவ தடுக்காது, நிறத்துக்கு தான். எனக்கு வேர்வை ஜாஸ்தி, அதனால சுட்டு வந்ததும் அந்த விளிம்புகள எண்ணெய் துணியால ஒரு தடவ துடைச்சுடறேன். ஸ்டெயின்லெஸ் வச்சிருக்கவங்களுக்கு இந்த தலைவலி கம்மி.

மாட்டினதும் காலி பிஸ்டல்ல சோதனை. சேஃப்டி போட்டு டிரிகர அழுத்தினா ஹேமர் விழக்கூடாது, சேஃப்டிய எடுத்த அப்புறமும் தானா விழக்கூடாது. கிரிப் சேஃப்டிய அழுத்தாம டிரிகர் இழுத்தாலும் விழக்கூடாது. காலி மேகசின் போட்டு இழுத்தா ஸ்லைடு பின்னாடி நிக்கணும். அப்புறம் ரேஞ்சுல மொதல்ல ஒரே ஒரு ரவுண்டு, அடுத்து ரெண்டு, எல்லாம் சரின்னா தான் முழு மேகசின்.

காயத்தோட சுடறவங்களுக்கு ஒரு வார்த்தை. ரேஞ்சுல எல்லாத்து மேலயும் ஈயத்தூள் இருக்கும், தோல் பிஞ்ச எடத்த தொறந்து போட்டுக்கிட்டு தொடர்ந்து சுடாதீங்க, துடைச்சு பிளாஸ்டர் போடுங்க, இல்ல அன்னிக்கு நிறுத்திடுங்க. முடிச்சதும் பச்சத்தண்ணில சோப்பு போட்டு கழுவிட்டு தான் வாய்க்கு எதையும் கொண்டு போகணும்.

இது எல்லாம் முடிஞ்சு மொதல் தடவ 150 ரவுண்டு சுட்டப்ப ஒவ்வொரு மேகசின் முடிஞ்சதும் கைய பாத்துக்கிட்டே இருந்தேன். செவப்பு மட்டும் தான், கிழிசல் இல்ல. ஆனா ரவுண்டு கீழ எறங்கறது உடனே நிக்கல. கைக்கு நம்பிக்கை வர இன்னும் மூணு வாரம் ஆச்சு, டம்மி ரவுண்ட நடுவுல கலந்து போட்டு பழகி பழகித்தான் மூக்கு சாயறது நின்னுச்சு.

போன வாரம் இடது கைப்பழக்கம் உள்ள ஒரு ஃப்ரெண்டு என் பிஸ்டல்ல 40 ரவுண்டு சுட்டான். குடுத்துட்டு போறப்ப ஆள்காட்டி விரல காட்டினான், ஓரத்துல மெல்லிசா நேர் கோடு, ரத்தம் துளிர்த்து நிக்குது. அவனுக்கு டிரிகர் விரல் நிக்கற பக்கம் ஸ்லைடு ஸ்டாப் லீவரோட முன் மூலை இருக்கு, என் கை அத தொட்டதே இல்ல, நான் பஞ்சு இழுத்தப்ப கூட அந்த மூலைய கவனிக்கல. லீவர கழட்டி வச்சிருக்கேன், ஸ்லைடோட பள்ளத்துல சேர்ற பக்கத்துக்கு டேப் ஒட்டியாச்சு. இன்னிக்கு சாயங்காலம் 400 பேப்பர் மட்டும் தான், அவன் விரல பக்கத்துல வச்சு பாத்துக்கிட்டே பண்ணலாம்னு அவனையும் வர சொல்லிருக்கேன்.